புரை முத்தக் காத்திருக்க வேண்டாம்

அறுபத்தைந்து, எழுபது வயதில் சில தாத்தாக்களுக்கு ஓர் அதிசயம் நடக்கும். இருபது ஆண்டுகளாகக் கண்ணாடி இல்லாமல் ஒரு வரி படிக்க முடியாதவர், திடீரென்று அதைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தித்தாளின் பொடி எழுத்தைச் சரளமாகப் படிக்கத் தொடங்குவார். “அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி” என்று வீடே பெருமைப்பட்டுக்கொள்ளும். கண் மருத்துவர் மட்டும் அதில் சேர்ந்துகொள்ள மாட்டார். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸின் நடுப்பகுதி இறுகி, அதன் பவர் கூடிப்போனதால் வந்த புதுக் கிட்டப்பார்வை அது. கிட்டத்தில் எழுத்து தெளியும். தூரத்தில் வரும் பேருந்தின் எண் மங்கும். கொஞ்ச காலத்தில் கிட்டத்து எழுத்தும் மங்கிவிடும். கண்புரை இப்படி நல்ல செய்தியாகவும் வந்து சேர்வதுண்டு.

எல்லோருக்கும் இதே வரிசை இல்லை. லென்ஸின் பின்பக்கத்தை ஒட்டிப் புரை விழுந்தவருக்குப் படிப்பதுதான் முதலில் கெடும். வெயிலில் கண் கூசும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு சிதறிப் பரவிச் சாலையையே மறைத்துவிடும். சர்க்கரை நோயாளிகளிடமும் நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் இந்த வகை அதிகம்; நாற்பதுகளிலேயே வரலாம், வேகமாகவும் வளரும். ஓரத்திலிருந்து கீற்றுக் கீற்றாக நடுவை நோக்கிப் படரும் மூன்றாவது வகையும் உண்டு. மூன்றும் ஒரே கண்ணில் கலந்து வருவதும் சாதாரணம்.

நிறம் மாறுவதை மட்டும் அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாகும்போது நீலமும் ஊதாவும் மெல்ல மெல்லக் குறைகின்றன; மெல்ல நடப்பதால் உறைப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவுக்கு 1912இல் புரை கண்டறியப்பட்டது. அறுவைக்குப் பயந்து பதினோரு ஆண்டுகள் தள்ளிப்போட்டார். அந்தக் காலத்து ஓவியங்களில் செம்பழுப்பும் மஞ்சளும் ஏறிக் கிடப்பதைக் கலை விமர்சகர்களோடு கண் மருத்துவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1923இல் வலக்கண்ணில் அறுவை நடந்த பிறகு, இப்போது எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். நம் ஊரில் ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் முடித்த பாட்டிகள் வேட்டியை ஒவ்வொரு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்து வியப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்த லென்ஸ் இருப்பது கண்ணின் கறுப்புப் பாப்பாவுக்குச் சற்றுப் பின்னால், ஒரு மெல்லிய பைக்குள். குறுக்களவு சுமார் 9 மில்லிமீட்டர். ரத்தக் குழாயும் நரம்பும் அதற்குள் கிடையாது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர். மீதி பெரும்பாலும் கிரிஸ்டலின் எனப்படும் புரதங்கள். ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதால், லென்ஸின் நார்ச்செல்கள் முதிரும்போது தங்கள் உட்கருவையே இழந்துவிடுகின்றன. அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. உட்கரு இல்லாத செல்லால் பழுதான புரதத்தைக் கழித்துவிட்டுப் புதிது செய்ய முடியாது. லென்ஸின் நடுமையத்தில் இருப்பது நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உண்டான புரதம். எழுபது வயதுக்காரரின் கண்ணில் அதற்கும் எழுபது வயதுதான். வெயில், புகை, ரத்தச் சர்க்கரை என ஆயுள் முழுக்கப் பட்டதெல்லாம் அதில் சேர்ந்துகொண்டே வருகிறது. சூடு பட்ட முட்டையின் வெள்ளைக்கரு போல, தெளிவாக இருந்த புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வெளுத்துப்போகிறது. அதுவே புரை.

ஆக, புரை என்பது கண்ணின் மேல் படரும் சவ்வு அல்ல. வெயிலில் அதிகம் அலைபவர்களுக்கு மூக்கோரமாக வெள்ளை விழியிலிருந்து சதை வளர்வது வேறு நோய். காயத்தாலோ புண்ணாலோ கண்ணின் முன்பக்கத்து கார்னியாவில் தழும்பு விழுந்து வெளுப்பதும் வேறு. தானமாகப் பெற்ற கண் தேவைப்படுவது அந்தத் தழும்புக்குத்தான், புரைக்கு அல்ல. புரை ஒரு கண்ணிலிருந்து மற்றதற்குத் தொற்றுவதில்லை. டிவி பார்ப்பதாலும் வருவதில்லை. சொட்டு மருந்தால் அது கரையாது. லானோஸ்டெரால் என்ற பொருள் விலங்குகளின் லென்ஸில் புரையைக் குறைத்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது உண்மை. ஆனால் மனிதர்களுக்குப் பயன்படும் சொட்டு மருந்து எதுவும் அதிலிருந்து இன்றுவரை வரவில்லை. தேன், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு என்று கண்ணில் விடுவதெல்லாம் கிருமிக்கு வழி திறந்துவிடும் வேலை.

வயதுதான் முதல் காரணம் என்றாலும் அது மட்டும் இல்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, வெல்டிங் பட்டறையிலும் தீபாவளியிலும் தெறித்த துகள் எல்லாம் பட்டியலில் உண்டு. கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் உண்டு. அது புரையைக் கொண்டுவருவதோடு, கண் அழுத்த நோயையும் சேர்த்துக் கொண்டுவரும்.

குழந்தைகளின் புரை தனிக் கதை. 1941இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், திடீரென்று பல பச்சிளம் குழந்தைகள் புரையுடன் வருவதைக் கவனித்தார். தாய்மார்களின் பேச்சைக் கவனித்துக் கேட்டதில் ஓர் உண்மை வெளிப்பட்டது: கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் அவர்களுக்கு ரூபெல்லா அம்மை வந்திருந்தது. கருவில் இருக்கும் குழந்தையை ஒரு வைரஸ் இப்படி ஊனப்படுத்த முடியும் என்று மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது அவரால்தான். தட்டம்மையோடு ரூபெல்லாவுக்கும் சேர்த்து இந்தியா 2017 பிப்ரவரியில் தொடங்கிய பெரும் தடுப்பூசி இயக்கத்தின் முதல் கட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது. குழந்தையின் கண் பாப்பா கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அடர்ந்த புரை என்றால் பிறந்த சில வாரங்களுக்குள் எடுத்தாக வேண்டும்; தாமதித்தால் கண் சரியானாலும் மூளை பார்க்கப் பழகாமலே போய்விடும். அதே வெள்ளை, விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது அவசரத்துக்கு இன்னொரு காரணம்.

சிகிச்சையின் வரலாறு மிகப் பழையது. சுஸ்ருத சம்ஹிதையில் புரைக்கான அறுவை விவரிக்கப்பட்டிருக்கிறது. கூரிய கருவியைக் கண்ணின் ஓரத்தில் நுழைத்து, மங்கிய லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து விலக்கிக் கண்ணின் உட்பகுதிக்குள் தள்ளிவிடுவது முறை. வெளிச்சம் உடனே தெரியும். ஆனால் தள்ளப்பட்ட லென்ஸ் உள்ளேயே கிடக்கும். பல கண்கள் பிறகு வீங்கி, அழுத்தம் ஏறி, அடியோடு கெட்டுப்போயின. சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஊர் ஊராகப் போய் இப்படிப் புரை தள்ளுபவர்கள் இங்கே இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அவர்களிடம் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து ஆராய்ந்து ஒரு தனி நூலே எழுதினார். எலியட் பணியாற்றிய அந்த எழும்பூர் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்ற பெயர் அதற்கு உண்டு. இன்றும் அங்கே வரிசை நிற்கிறது.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண் வைத்தியத்தில் ஆழ்ந்த ஈடுபாடு காட்டினார். நோயாளிகளின் கண்களை வண்ணப் படமாக வரைந்து, நோய் விவரமும் சிகிச்சையும் எழுதிவைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இன்றைய மருத்துவமனைகள் சிலவற்றின் கேஸ் ஷீட்டைவிட அவை ஒழுங்காக இருப்பதாகச் சொன்னால் மிகையில்லை.

லென்ஸை உள்ளே தள்ளாமல் வெளியே எடுக்கத் துணிந்தவர் பிரான்சின் ஜாக் தாவியேல், ஆண்டு 1747. மயக்க மருந்து இல்லாத காலம். கண்ணை மரக்கச் செய்ய முடியும் என்பதை வியன்னாவின் கார்ல் கோலர் காட்ட 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஒரு பெரிய குறை நீடித்தது. லென்ஸை எடுத்துவிட்டால் கண்ணின் பவரில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறதே, அதை எப்படி ஈடுகட்டுவது? சோடாபுட்டிக் கண்ணாடிதான் பதில். நடுத்தர வயதைத் தாண்டிய தமிழர்கள் எல்லோருக்கும் அந்தக் கண்ணாடி போட்ட ஒரு தாத்தாவோ பாட்டியோ நினைவில் இருப்பார்கள். அதன் வழியே எல்லாமே கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும்; படி எங்கே இருக்கிறது என்று கால் தடுமாறும்; பக்கவாட்டில் வரும் ஆள் திடீரென முளைத்தது போலத் தெரிவார். ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை ஆனவருக்கு இரண்டு கண்ணின் பிம்பமும் சேரவே சேராது. கண்ணாடி உடைந்தால், புதிது வாங்கும்வரை மறுபடியும் குருடுதான்.

மாற்று லென்ஸ் வந்த கதைக்குள் ஒரு போர் விமானம் இருக்கிறது. 1940 ஆகஸ்டில் பிரிட்டன் விமானி கோர்டன் கிளீவரின் ஹரிக்கேன் விமானம் குண்டடிபட்டது. விமானி இருக்கையை மூடியிருந்த பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் சிதறி, துண்டுகள் அவர் கண்களுக்குள் பாய்ந்தன. அவரைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி ஒன்றைக் குறித்துக்கொண்டார்: கண்ணுக்குள் வேறு எது புகுந்தாலும் கண் கொந்தளிக்கும், இந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் அது சகித்துக்கொள்கிறது. சில ஆண்டுகள் கழித்து, அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் ஒன்று வைக்க முடியவில்லையே என்று சொன்ன சொல் இந்த நினைவோடு சேர்ந்துகொண்டது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார்.

பவர் கணக்கு பெரிதும் தவறிப்போய், நோயாளிக்குக் கடும் கிட்டப்பார்வை வந்தது. அதைவிடக் கடுமையாக இருந்தது சக மருத்துவர்களின் எதிர்ப்பு. கண்ணுக்குள்ளிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவம், வைப்பதா என்று கேட்டார்கள். ஆரம்ப லென்ஸ்கள் கனமாக இருந்ததும், சில நழுவியதும் எதிர்ப்பாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ரிட்லி ஒதுக்கிவைக்கப்பட்டார். 2000இல்தான் சர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு இறந்தார். அதற்கு முன் அவர் கண்களிலும் அவர் கண்டுபிடித்த லென்ஸே பொருத்தப்பட்டிருந்தது.

அடுத்த பெரிய மாற்றம் புரையை எடுக்கும் முறையில் வந்தது. நியூயார்க் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மனுக்கு அதற்கான யோசனை வந்த இடம் பல் மருத்துவரின் நாற்காலி. பல்லில் படிந்த காரையை அதிர்வால் உதிர்க்கும் கருவி வாயில் வேலை செய்துகொண்டிருந்தபோது, லென்ஸையும் இப்படி உடைக்கலாமே என்று தோன்றியதாம். 1967இல் மனிதக் கண்ணில் முதன்முறையாகச் செய்து பார்த்தார். பாகோ என்று இன்று மருத்துவமனைப் பலகைகளில் காண்பது அதுதான். கார்னியாவின் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை. லென்ஸ் பையின் முன்சுவரில் வட்டமாக ஒரு திறப்பு. நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் மெல்லிய ஊசி உள்ளே போய்ப் புரையைப் பொடித்து உறிஞ்சுகிறது. பை அப்படியே இருக்கிறது. அதற்குள் மடித்து நுழைக்கும் லென்ஸ் தானே விரிந்து உட்கார்ந்துகொள்கிறது. தையல் இல்லை. பழகிய கைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். தாவியேல் காலத்தில் கண்ணின் பாதி வட்டத்தைக் கீறினார்கள். அதற்குப் பிறகும் நெடுங்காலம் நோயாளியை நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள்.

ஆனால் கருவி எவ்வளவு நுட்பமாக வந்தாலும், அது யார் கண்ணுக்கு எட்டியது என்பது வேறு கேள்வி. 1980களில் இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலருக்கு மேல். வசதியுள்ளவருக்கு லென்ஸ், ஏழைக்குச் சோடாபுட்டி என்று பிரிந்துபோயிற்று. அதற்கு நியாயமும் சொன்னார்கள்: கிராமத்து ஏழைகளுக்கு லென்ஸ் வைத்தால் பின்கவனிப்பு இருக்காது, கண் கெட்டுவிடும் என்று. இந்த வாதத்துக்குப் பதில் மதுரையிலிருந்து வந்தது.

எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி, மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முடக்குவாதம் விரல்களைத் திருகிப்போட்டது. பேனா பிடிக்கவே முடியாத நிலையிலிருந்து, தனக்கென வடிவமைத்த கருவிகளோடு கண் அறுவை கற்றுக்கொண்டார். அந்த விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு ஒரு வீட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கூட நின்றார்கள். பணம் கொடுப்பவரின் கட்டணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் செய்வது அவர் கணக்கு. ஒரே அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவர் மற்றதில் தயாராகப் படுத்திருப்பார். மருத்துவர் மைக்ராஸ்கோப்பை மறுபக்கம் திருப்பினால் வேலை தொடரும். மற்ற எல்லாவற்றையும் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். ஹாம்பர்கர் கடைகள் எந்த ஊரிலும் ஒரே தரத்தில் பண்டம் தருவதைப் பார்த்து இந்த ஒழுங்கைக் கற்றதாக டாக்டர் வெங்கடசாமி வெளிப்படையாகவே சொல்வார்.

1992இல் மதுரையில் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புக்கூடமான ஆரோலேப் தொடங்கியது. இறக்குமதியில் நூறு டாலருக்கு மேல் விற்ற பொருளை அது சுமார் பத்து டாலருக்குக் கொடுத்தது. பின்னர் விலை இன்னும் இறங்கியது. ஏழைக்கு லென்ஸ் ஆகாது என்ற வாதத்தை மதுரை மருத்துவர்கள் ஆய்வு செய்தே எதிர்கொண்டார்கள்: 3,400 நோயாளிகளில் ஒரு பாதிக்கு லென்ஸ், மறு பாதிக்குப் பழைய அறுவையும் கனத்த கண்ணாடியும். லென்ஸ் வைத்தவர்களின் பார்வையும் அன்றாட வாழ்க்கையும் தெளிவாகவே மேம்பட்டிருந்தன. 1990களின் பிற்பகுதியில் முடிவுகள் வெளிவந்த பிறகு அந்த விவாதம் ஓய்ந்தது. ஆரோலேப் லென்ஸ்கள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. புரை சிகிச்சையின் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால், பாகோவுக்கும் முன்னால் இந்த விலைக்குறைப்பைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு முன்னேற்றத்தில் நம் பக்கத்து நாட்டுக்கும் பங்குண்டு. பாகோ இயந்திரம் விலை அதிகம். மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். முற்றிப் பழுத்து, கறுத்து, கல்லாகிவிட்ட புரையை அதிர்வால் உடைக்கப் போனால் கார்னியாவுக்கும் ஆபத்து. சிறு கீறல் அறுவை என்ற முறையில் ஆறு மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்வாக ஒரு சுரங்கப் பாதை வெட்டி, புரையை முழுசாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். சாய்வாக இருப்பதால் தையல் இல்லாமலே பாதை மூடிக்கொள்கிறது. நேபாளத்தில், காத்மாண்டுவின் திலகங்கா மருத்துவமனையில் கண் மருத்துவர் சந்துக் ரூயித் இதைச் செம்மையாக்கி, மலையேறிப் போய்க் கிராமங்களில் செய்தார். பாகோவோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான நேபாள ஆய்வில், ஆறு மாத முடிவில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக நின்றன. செலவிலும் நேரத்திலும் சிறு கீறலே முந்தியது. அரசு மருத்துவமனையில் பாகோ இல்லை, இதைத்தான் செய்கிறார்கள் என்று முகம் சுளிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த இடத்தில் ‘லேசர் ஆபரேஷன்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பலர் தங்களுக்கு லேசரில் புரை எடுத்ததாகவே நம்புகிறார்கள். எடுத்தது பெரும்பாலும் ஒலி அதிர்வு. உண்மையான லேசர், ஃபெம்டோசெகண்ட் என்ற வகை, 2008இல் ஹங்கேரியில் புரை அறுவைக்கு வந்தது. கீறலையும் பையின் வட்டத் திறப்பையும் அது கச்சிதமாகப் போடும். அதற்குப் பிறகு உறிஞ்சும் வேலை பழையபடிதான். பிரான்சிலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் 2020இல் வெளிவந்தன. வழக்கமான பாகோவைவிடப் பார்வையில் மேலான பலன் எதுவும் தெரியவில்லை. செலவு மட்டும் அதிகம். யாராவது இதற்காகக் கடன் வாங்க யோசித்தால் வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

லென்ஸ் தேர்வு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. கவுன்சிலிங் அறையில் விலைப்பட்டியலை நீட்டியதும், அதிக விலை என்றால் நல்ல பார்வை என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. சாதாரண ஒற்றைப் பவர் லென்ஸ் தூரத்தைத் தெளிவாகக் காட்டும். படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது தாராளமாகப் போதும். ‘சிலிண்டர் பவர்’ அதிகம் உள்ளவருக்கு அதையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் உண்மையிலேயே பயன் தரும். பல பவர் லென்ஸ் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். பதிலுக்கு, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கல் வெளிச்சத்தில் தெளிவு குறையலாம். இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கும், சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்கும், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் அது பொதுவாக ஏற்றதல்ல. எதை வைத்தாலும் பவர் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் பவர் தவறிப்போகும். விலைப்பட்டியலைப் பார்க்கும் கவனத்தில் கொஞ்சத்தை அந்த அளவெடுப்புக்கும் கொடுக்கலாம்.

அறுவையில் எல்லோரும் அஞ்ச வேண்டிய ஒன்று, கண்ணுக்குள் கிருமித் தொற்று. அரிது, வந்தால் கண்ணையே கொண்டுபோகும். பள்ளிக்கூட வகுப்பறைகளில் மேசை போட்டு முகாம் அறுவை செய்த காலம் போய், இன்று முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனையில் என்று ஆனது இதற்காகத்தான். அறுவை முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அரவிந்த் மருத்துவமனைகளின் ஆறு லட்சம் அறுவைகளை அலசி 2017இல் வெளியான ஆய்வில், பத்தாயிரத்துக்கு ஏழாக இருந்த தொற்று இதனால் இரண்டாகக் குறைந்திருந்தது.

நோயாளி செய்ய வேண்டியதும் உண்டு. சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் காட்ட வேண்டும். முக்கியமாக, சிறுநீர்ப் பிரச்சினைக்காக ஆண்கள் எடுக்கும் டாம்சுலோசின். அது கண் பாப்பாவைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி அறுவையின்போது சிக்கல் செய்யும் என்பது 2005இல்தான் தெரியவந்தது. முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் தயாராகிவிடுவார். அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் சொட்டு மருந்து, கண்ணைக் கசக்காமை, கொஞ்ச நாள் தலைக்குக் குளிக்காமை. வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. மாதங்கள், ஆண்டுகள் கழித்து மங்கல் வந்தால் “புரை திரும்ப வந்துடுச்சு” என்று கலங்க வேண்டியதில்லை. எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பையின் பின்சுவர் கலங்கியிருக்கும். சில நிமிட யாக் லேசரில் சரியாகிவிடும். இங்கே லேசர் உண்மையான லேசர்.

எப்போது அறுவை செய்வது? “இன்னும் முத்தலை, முத்தினப்புறம் பார்த்துக்கலாம்” என்பது பழைய முறையில் லென்ஸைப் பையோடு முழுசாக எடுத்த காலத்து அறிவுரை. அன்று அதில் அர்த்தம் இருந்தது. இன்றைய முறையில் புரை முற்ற முற்ற அறுவைதான் கடினமாகிறது. மிகவும் முற்றிய லென்ஸ் உப்பி வழியடைத்தோ, உள்ளே கசிந்தோ கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கடும் வலியோடு வரும் அந்த நிலையில் பார்வை நிரந்தரமாகவே போகலாம். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டால் அதுவே நேரம். தையற்காரருக்கு அது சீக்கிரம் வரும், வீட்டோடு இருப்பவருக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். மங்கல் எதுவும் உறுத்தாதவருக்கு, பரிசோதனையில் லேசாகப் புரை தெரிகிறது என்பதற்காக அவசரமும் தேவையில்லை.

2015 முதல் 2019 வரை நடந்த இந்திய அரசின் தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் சிகிச்சை பெறாத புரை. கால் மணி நேர அறுவையில் தீரும் ஒன்றுக்கு இந்த எண் வெட்கக்கேடு. பல நாடுகளைப் போலவே இங்கும் பெண்கள்தான் பின்தங்கி நிற்கிறார்கள். பாட்டிக்குக் கண் தெரியாவிட்டால் வீட்டில் எந்த வேலையும் நிற்பதில்லை. அவரும் வாய் திறந்து கேட்பதில்லை. பிரிட்டனில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கண்ணில் புரை எடுத்தவர்கள் கீழே விழுவது காத்திருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இடுப்பு எலும்பு முறிந்த பாட்டியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்த மூன்றில் ஒரு பங்கின் மதிப்பு தெரியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பாட்டியின் ஒரு கண்ணைப் பொத்திச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரின் தேதியைக் கேளுங்கள். பிறகு மறு கண்ணை. தடுமாறினால் ஒரு நாள் லீவு போட்டு அழைத்துப் போங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இந்த அறுவையும் லென்ஸும் இலவசம்.